தன் ஊர்க் கோடையை அளந்து பூக்கும் பைன்

ஜூன் மாதம் பிறந்ததும் தென் பின்லாந்தின் ஏரிக்கரைகளில் தண்ணீரின் ஓரமெல்லாம் மஞ்சள் படியத் தொடங்கும். படகுத்துறை, கார் கண்ணாடி, சன்னல் விளிம்பு, மழைநீர் தேங்கிய குழி என எங்கும் அதே மஞ்சள் பொடி. முற்காலத்தில் ஐரோப்பியர் பலர் இதைக் கந்தக மழை என்று நினைத்து அஞ்சினார்கள். உண்மையில் அது பைன் மரத்தின் மகரந்தம். அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, லாப்லாந்துப் பகுதியில், அதே இனத்தைச் சேர்ந்த மரம் அந்த நாட்களில் மொட்டைக்கூடத் திறந்திருக்காது. அங்கே மகரந்தம் பறக்க ஜூன் கடைசி ஆகும். சில ஆண்டுகளில் ஜூலையும் பிறந்துவிடும்.

குளிர் மிகுந்த இடத்தில் மரம் தாமதமாகப் பூப்பதில் வியப்பு என்ன என்று தோன்றலாம். நாட்காட்டியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு மரமும் பூப்பதற்கு முன் எவ்வளவு வெப்பத்தைப் பெற்றது என்று கணக்கெடுத்துப் பார்த்தால்தான் வியப்பு தெரியும். அந்தக் கணக்கில் முந்திக்கொள்வது வடக்கு மரம். தெற்கு மரத்துக்குத் தேவைப்படும் வெப்பத்தில் பாதியளவு கிடைத்தாலே அது பூத்துவிடுகிறது. இந்த முரணுக்குள் ஒரு மரம் தன் ஊரின் தட்பவெப்பத்தைத் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கற்றுக்கொண்டது என்ற கதை இருக்கிறது.

பூவில்லாத மரத்தின் பூப்பு

பைன் மரத்துக்குத் தாவரவியல் பொருளில் பூ கிடையாது. இதழும் இல்லை, தேனும் இல்லை. அதற்கு இருப்பவை கூம்புகள். ஆனாலும் வனத்துறையினரும் ஆய்வாளர்களும் கூம்புகள் விரிந்து மகரந்தச் சேர்க்கை நடக்கும் பருவத்தைப் பூப்பு என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இங்கே நாம் பேசும் மரம் ஸ்காட்ஸ் பைன். பைன் இனங்களிலேயே மிகப் பரந்த இயற்கைப் பரப்பு இதற்குத்தான் உண்டு. மேற்கே ஸ்காட்லாந்திலிருந்து கிழக்கே சைபீரியா வரையிலும், தெற்கே ஸ்பெயின் மலைகளிலிருந்து வடக்கே நார்வேயின் 70 பாகை அட்சரேகை வரையிலும் பரவி நிற்கிறது. ஆண்கூம்பும் பெண்கூம்பும் ஒரே மரத்தில் வருகின்றன. ஆண்கூம்புகள் பெரும்பாலும் கீழ்க்கிளைகளில், புதுத்தளிரின் அடியில் கொத்துக் கொத்தாக இருக்கும். பெண்கூம்புகள் மேல்கிளைகளில், புதுத்தளிரின் நுனியில், பட்டாணி அளவில் செந்நிறமாக நிற்கும்.

மகரந்தத்தைச் சுமப்பது காற்று. ஒவ்வொரு மகரந்தத்துகளின் இரு பக்கமும் காற்றுப் பைகள் இருப்பதால் அது எளிதில் மிதக்கிறது. பெண்கூம்பின் செதில்கள் சற்றே விலகியிருக்கும் சில நாட்களில் துகள் உள்ளே நுழைய வேண்டும். அங்கே ஒவ்வொரு சூலும் தன் வாயில் ஒரு நீர்த்துளியைச் சுரந்து வைத்திருக்கும். அந்தத் துளியில் சிக்கிய மகரந்தம், துளி உள்ளிழுக்கப்படும்போது சூலுக்குள் சேர்கிறது. பின்னர் செதில்கள் தடித்து மூடிக்கொள்கின்றன. அந்தச் சில நாட்களில் மகரந்தம் வந்து சேராத சூல் வீணாகும். ஆகவே எப்போது விரிவது என்பது இந்த மரத்துக்கு வாரிசு பற்றிய கேள்வி.

மரத்தின் வேலையும் அன்றோடு முடிந்துவிடுவதில்லை. இந்த ஆண்டு பூக்கும் கூம்பின் மொட்டு சென்ற ஆண்டுக் கோடையிலேயே உருவாகிப் பனிக்காலத்தை உறங்கிக் கழித்திருக்கும். மகரந்தம் சூலுக்குள் சேர்ந்த பிறகு அதன் குழல் கொஞ்சம் வளர்ந்து, அடுத்த பனிக்காலத்தில் நின்றுவிடும். கருவுறுதல் நடக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. விதை முற்றுவது அந்த இரண்டாம் கோடையின் முடிவில். கூம்பு வாய் திறந்து விதை உதிர்வதோ அதற்கும் அடுத்த வசந்தத்தில். மொட்டு உருவாகி விதை விழும் வரை நான்கு நாட்காட்டி ஆண்டுகளைத் தொட்டுச் செல்லும் பயணம் இது. அதில் ஒரு கோடை குறுகிப்போனாலும் பயணம் பாதியில் நின்றுவிடும்.

வெப்பத்தைக் கூட்டும் கணக்கு

மரம் தேதியை எப்படி அறிகிறது? 1735-லேயே பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஒரு விடையை முன்வைத்தார். ஒரு தாவரம் ஒரு குறிப்பிட்ட வளர்ச்சிக் கட்டத்தை அடைய, அதுவரை கழிந்த நாட்களின் வெப்பத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரே தொகை வரும் என்றார். இன்றும் வேளாண்மையிலும் வனவியலிலும் அந்தக் கருத்தே அடிப்படை.

வடக்கு ஐரோப்பாவில் வழங்கும் முறை இது. ஒரு நாளின் சராசரி வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். சராசரி 12 டிகிரி என்றால் அன்றைய வரவு 7. சராசரி 4 டிகிரி என்றால் வரவு எதுவும் இல்லை. வசந்தத்தின் முதல் நாளிலிருந்து இப்படிச் சேர்ந்துகொண்டே போவதை வெப்பக் கூட்டுத்தொகை என்கிறார்கள். உண்டியலைப் போல இதில் போடத்தான் முடியும், எடுக்க முடியாது. இடையில் நாலு நாள் குளிர்ந்தால் சேமிப்பு நின்றுபோகும், குறையாது.

இதனால்தான் ஒரே காட்டில் ஒரே மரம் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு தேதியில் பூக்கிறது. வசந்தம் விரைந்து சூடேறிய ஆண்டுக்கும் இழுத்தடித்துக் குளிர்ந்த ஆண்டுக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் வேறுபாடு வரலாம். மரத்துக்குத் தேவையான தொகை ஏறத்தாழ அதேதான். அது சேரும் வேகம்தான் மாறுகிறது.

நடுப்பனிக்காலத்தில் தற்செயலாக நாலு நாள் வெயில் அடித்தால் மரம் ஏமாந்து விழித்துவிடாதா? அதற்கும் ஒரு காவல் இருக்கிறது. போதிய காலம் குளிரை அனுபவித்து முடிக்காத மொட்டு, வெப்பம் வந்தாலும் எளிதில் அசையாது. குளிர்க் கணக்கு முடிந்த பிறகே வெப்பக் கணக்கு முழுமையாகத் தொடங்குகிறது. கோடை முடிவில் வளர்ச்சியை நிறுத்தும்போது மட்டும் மரம் வேறு அடையாளத்தை நம்புகிறது: நீண்டுகொண்டே போகும் இரவை. வசந்தத்தில் வெப்பம், இலையுதிர் காலத்தில் இருள் என்று இரண்டு அளவைகளை வைத்து அது தன் ஆண்டை நடத்துகிறது.

சர்வாஸ் கண்ட விகிதம்

பின்லாந்து வன விஞ்ஞானி ரிஸ்டோ சர்வாஸ் தம் நாட்டின் பைன் காடுகளில் பூப்பையும் விதை விளைச்சலையும் ஆண்டுக்கணக்கில் அளந்து, 1962-இல் ஒரு பெரிய ஆய்வாக வெளியிட்டார். ரெயோமூரின் கருத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நாடு முழுவதும் பைன் ஒரே வெப்பத் தொகையில் பூக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வடக்கே போகப் போக, பூப்புக்குத் தேவைப்பட்ட தொகை குறைந்துகொண்டே போனது.

குழப்பமாகத் தோன்றிய இந்த எண்களுக்குள் சர்வாஸ் ஓர் ஒழுங்கைக் கண்டார். மரம் மதிப்பது தொகையை அல்ல, பங்கை. ஓர் ஊரின் சராசரி ஆண்டில் மொத்தம் எவ்வளவு வெப்பம் சேருமோ, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வந்ததும் அந்த ஊர்ப் பைன் பூக்கிறது. தென் பின்லாந்தில் ஆண்டின் கூட்டுத்தொகை சுமார் 1300. லாப்லாந்தின் வடபகுதியில் அது 700-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். ஐந்தில் ஒன்று என்று தோராயமாகக் கணக்கிட்டால் தெற்கே 260, வடக்கே 140.

தெற்கின் 260-ஐ வடக்கு மரத்தின் மேல் சுமத்திப் பார்த்தால் இந்த விகிதத்தின் அருமை புரியும். 700-இல் 260 சேரும் வரை காத்திருந்தால், அந்த ஊரின் கோடை வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூக்கும் முன்பே கரைந்துவிடும். மகரந்தக் குழல் வளரவும், மறு ஆண்டில் கருவுற்று விதை முற்றவும் மிஞ்சும் வெப்பம் போதாது. லாப்லாந்தில் காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் எல்லையில், முந்திப் பூத்தும்கூட விதை நன்றாக முற்றும் ஆண்டுகள் அரிது. அங்கே பல ஆண்டு இடைவெளிகளில் வரும் ஒரு நல்ல கோடைதான் காட்டின் அடுத்த தலைமுறையைத் தருகிறது.

அப்படியானால் இன்னும் முந்தி, 80-லோ 90-லோ பூத்துவிடலாமே? அங்கே உறைபனி காத்திருக்கிறது. வசந்தத்தின் பிற்பகுதியில் திடீரென்று இறங்கும் உறைபனி இளம் கூம்பைக் கருக்கிவிடும். முந்தினால் பனி, பிந்தினால் முற்றாத விதை. இந்த இரண்டு இழப்புகளுக்கும் நடுவில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாதுகாப்பான பொழுது இருக்கிறது. அதைத் தவறவிட்ட மரங்களுக்குச் சந்ததி குறைந்தது. பிடித்துக்கொண்ட மரங்களின் விதைகளே காடாயின. பனியூழியின் பனிப்பாறைகள் விலகி, பைன் வடக்கே வந்து சேர்ந்து பத்தாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. மரத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் அது சில நூறு தலைமுறைகள்தான். அதற்குள் ஊருக்கு ஊர் அளவை மாறியிருக்கிறது.

பழக்கமா, பிறவியா?

இந்த அளவை மரத்தின் மரபில் இருக்கிறதா, அல்லது இருக்கும் இடத்துக்கு ஏற்ப மரம் நடந்துகொள்கிறதா என்பதை அறிய ஒரே வழி, வெவ்வேறு ஊர் மரங்களை ஒரே இடத்தில் வளர்த்துப் பார்ப்பது. இந்த வழியைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் பிரான்சின் வில்மோரின். 1820-களில் லே பார் என்ற இடத்தில், ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து வந்த ஸ்காட்ஸ் பைன் விதைகளை அருகருகே விதைத்தார். ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் மரங்கள் தம் தாயகத்தின் குணத்தோடுதான் வளர்ந்தன. 1936-இல் ஸ்வீடனின் ஓலோஃப் லாங்லெட், தம் நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களின் பைன் விதைகளை ஆராய்ந்து, அட்சரேகையோடு சேர்ந்து மரத்தின் குணம் சிறுகச் சிறுக, எங்கும் வெட்டுப்படாமல் மாறிக்கொண்டே போவதைக் காட்டினார்.

பூப்பும் அப்படியே. வடக்கு மரத்தின் கிளையை ஒட்டுக்கட்டித் தெற்கே வளர்த்தால், அது உள்ளூர் மரங்களுக்கு முன்பே பூக்கிறது. குறைந்த தொகைக்குப் பழகிய அதற்குத் தெற்கின் வசந்தம் வேண்டிய வெப்பத்தை விரைவில் கொடுத்துவிடுகிறது.

எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு. 1957-இல் ஜெர்மனியில் ஷ்னெல்லேயும் ஃபோல்கெர்ட்டும் தொடங்கிய பன்னாட்டுப் பருவநிலைத் தோட்டங்களில், ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த கன்றுகளை ஐரோப்பாவின் பல நாடுகளில் நட்டார்கள். மரபு ஒன்றாக இருப்பதால், அவற்றின் தளிர்ப்பிலும் பூப்பிலும் தெரியும் வேறுபாடு அந்தந்த இடத்தின் தட்பவெப்பத்திலிருந்து வருவது. இரண்டு வகைச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைப் பிறப்பு சொல்கிறது. அது என்று வந்து சேரும் என்பதை அந்த ஆண்டின் வானிலை சொல்கிறது.

எல்லை மதிக்காத மகரந்தம்

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. பைன் மகரந்தம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக்கூடியது. பின்லாந்தின் வெய்க்கோ கோஸ்கி 1970-லேயே மகரந்தப் பரவலை விரிவாக ஆராய்ந்து, காற்று எவ்வளவு தாராளமாக மரபணுக்களைக் கலக்கிறது என்பதைக் காட்டினார். தெற்கே பூப்பு முன்னதாக நடப்பதால், தென்காற்று அடிக்கும் நாட்களில் வடக்குக் காடுகளுக்குள் வெளியூர் மகரந்தம் வந்துவிடுகிறது. உள்ளூர் ஆண்கூம்புகள் திறப்பதற்கு முன்பே, முளைக்கும் திறனுள்ள பைன் மகரந்தம் வடக்கின் காற்றில் இருப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. போதாக்குறைக்கு, பைனின் பெண்கூம்புகள் பெரும்பாலும் உள்ளூர் மகரந்தம் பறப்பதற்குச் சற்று முன்னரே ஏற்கத் தயாராகிவிடும். சூலுக்குள் இடம் சில துகள்களுக்கு மட்டுமே என்பதால் முந்தி வந்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு கலப்பு நடந்தால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு அழிந்துபோக வேண்டாமா? ஓலு பல்கலைக்கழகத்தின் ஔட்டி சவொலைனெனும் உடன் ஆய்வாளர்களும் நீண்ட காலம் உழைத்தது இந்தக் கேள்வியில்தான். ஸ்காட்ஸ் பைனின் பெரும்பாலான மரபணுக் குறிகளில் தென் பின்லாந்துக்கும் வட பின்லாந்துக்கும் வேறுபாடு மிகமிகக் குறைவு. காற்று கலந்துவிட்டது என்பதற்கு அது சான்று. ஆனால் மொட்டு மூடும் காலம், குளிர் தாங்கும் திறன் போன்ற பருவம் சார்ந்த குணங்களில் வேறுபாடு மிகப் பெரிது. காற்று ஒவ்வோர் ஆண்டும் தெற்கின் மரபணுக்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒவ்வொரு பனிக்காலமும் அவற்றில் ஊருக்கு ஒவ்வாதவற்றைக் கழித்துக்கட்டுகிறது. உள்ளூர்த் தன்மை என்பது ஒருமுறை கிடைத்து நிலைத்துவிட்ட சொத்து அல்ல. நாற்றுப் பருவத்திலேயே மடியும் எண்ணற்ற கன்றுகளைக் கொடுத்துத்தான் காடு அதை ஆண்டுதோறும் காத்துக்கொள்கிறது.

இயற்கை தாங்கிக்கொள்ளும் இந்த இழப்பு, மனிதர் நடத்தும் விதைத்தோட்டத்தில் பெரிய சிக்கலாகிறது. வடக்கில் விதை அடிக்கடி முற்றாததால், வடக்கின் நல்ல மரங்களை ஒட்டுக்கட்டித் தெற்கே தோட்டம் அமைத்து, அங்கே கிடைக்கும் விதையை வடக்கே கொண்டுபோய் நடுவது என்று பின்லாந்தில் திட்டமிட்டார்கள். விதை நன்றாகவே முற்றியது. ஆனால் சுற்றியிருந்த தெற்குக் காடுகளின் மகரந்தமும் சேர்ந்துகொண்டது. இத்தகைய தோட்டங்கள் சிலவற்றில் விதைகளில் பாதியளவுக்குத் தந்தை வெளிமரம் என்று தெரியவந்தது. அப்படிப் பிறந்த நாற்று பாதித் தெற்கத்தியது. இலையுதிர் காலத்தில் வளர்ச்சியை நிறுத்தப் பிந்திக்கொண்டு, வடக்கின் முதல் கடும்பனியில் அகப்பட்டுக்கொள்கிறது. எனவே அந்த விதைகளை முதலில் எண்ணிய ஊருக்குச் சற்றுத் தெற்கே நட வேண்டியிருந்தது. பூப்புக் காலத்தைப் பற்றிய அறிவு விதை மூட்டையின் விலையோடும் நாற்றின் உயிரோடும் தொடர்புடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எப்போது, எவ்வளவு

தட்பவெப்பம் பூக்கும் நாளோடு பூப்பின் அளவையும் தீர்மானிக்கிறது. வட பின்லாந்தில் பல ஆண்டுகளாக மகரந்தப் பொறிகளை வைத்து அளந்தவர்கள், ஓர் ஆண்டில் விழும் பைன் மகரந்தத்தின் அளவு முந்தைய ஆண்டின் ஜூலை வெப்பத்தோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள். காரணம் நாம் முன்பே பார்த்ததுதான்: மொட்டு உருவாவது சென்ற கோடையில். சூடான ஜூலையில் மரம் அதிக மொட்டு வைக்கிறது. மறு ஆண்டு காற்றில் அதிக மகரந்தம் பறக்கிறது. ஏரி அடிச்சேற்றிலும் கரிச்சேற்று நிலத்திலும் படிந்த பழைய மகரந்தத்தை வைத்துக் கடந்தகாலத் தட்பவெப்பத்தைப் படிப்பவர்களுக்கு இந்த உறவு பெரும் உதவி.

உறைபனியும் குறுங்கோடையும் ஆட்சி செய்யாத இடத்தில் பைனின் காலக்கணக்கு வேறு. இமயமலையின் கீழ்ச்சரிவுகளில் வளரும் சீர் பைன் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பூக்கிறது. அதன் கூம்புகள் முற்ற இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவை வாய் திறந்து விதை உதிர்ப்பது வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில். சில வாரங்களில் தென்மேற்குப் பருவமழை இறங்க, விதை முளைக்கிறது. பின்லாந்தின் பைன் பனிக்கு அஞ்சித் தன் ஆண்டை அமைத்துக்கொண்டதென்றால், இமயத்தின் பைன் மழையை எதிர்பார்த்து அமைத்துக்கொண்டிருக்கிறது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நாம் காணும் பைன் மரங்களுக்கு இப்படிப்பட்ட ஊர்க்கணக்கு ஏதும் இல்லை. தென்னிந்தியாவுக்கு இயற்கையாக உரிய பைன் எதுவும் கிடையாது. மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து கொண்டுவந்து மனிதர் நட்டவை அவை. அவற்றின் அளவைகள் வேறு மலைகளில் உருவானவை.

ஊர் நகரும்போது

இப்போது அந்த அளவைகளுக்கு அடியில் உள்ள நிலமே மாறிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பின்லாந்தின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. 1971 முதல் 2000 வரை ஐரோப்பாவின் 21 நாடுகளில் திரட்டிய பதிவுகள், தளிர்த்தல், பூத்தல் போன்ற வசந்த நிகழ்வுகள் பத்தாண்டுக்குச் சராசரியாக 2.5 நாள் முந்திக்கொண்டு வந்ததைக் காட்டின. ஆண்டின் மொத்த வெப்பம் கூடும்போது, பழைய 700-க்குப் பழகிய மரம் இன்னும் 140-லேயே பூக்கும். 900 ஆகிவிட்ட ஊரில் அது தேவைக்கு முன்னதாகப் பூப்பதாகிவிடும். ஊருக்குப் பொருந்திய விகிதம் கலைந்துபோகும். உறைபனியின் அபாயமோ முழுக்க விலகியிருக்காது. வெப்பம் கூடினாலும், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய இரவின் நீளம் மட்டும் மாறாது. ஆகவே வசந்தத்தில் வெப்பத்தையும் இலையுதிர் காலத்தில் இருளையும் நம்பும் மரத்தின் இரு அளவைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. நேற்றுவரை தொல்லையாக இருந்த தென்காற்று மகரந்தம், நாளை வடக்குக் காட்டுக்கு வேண்டிய மரபணுக்களைக் கொண்டுவரும். வெப்பமான கோடைக்கேற்ற அளவையோடு பிறக்கும் கன்றுகள் அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆண்டுதோறும் முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இதுவரை பனி அவற்றைக் கொன்றது, இனி விட்டுவைக்கலாம். ஆனால் பைன் பூக்கும் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும், ஒரு தலைமுறை கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். வெப்பமோ ஒரு மரத்தின் ஆயுளுக்குள்ளேயே உயர்ந்துவிடுகிறது.

அதனால் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஆய்வாளர்கள் இணைந்து, எந்த ஊர் விதையை எந்த ஊரில் நடுவது என்பதை வரப்போகும் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொண்டு பரிந்துரைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இன்று நடும் பைன் நூறாண்டு நிற்கும். அது எதிர்கொள்ளப்போவது நம் பாட்டனார் காலத்துக் கோடையை அல்ல. இந்தப் பரிந்துரைகளுக்கு அடித்தளம், யாரோ ஒருவர் ஆண்டு தவறாமல் காட்டுக்குப் போய், இந்த மரம் இன்று பூத்தது, இதுவரை சேர்ந்த வெப்பம் இவ்வளவு என்று எழுதிவைத்த குறிப்புகள். சர்வாஸ் போன்றவர்கள் செய்தது அதைத்தான். அதற்கு வேண்டியவை ஒரு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம், விடாத பொறுமை. நம் மலைக்காடுகளிலும் சமவெளியிலும் உள்ள மரங்களுக்கு இத்தகைய நீண்ட பதிவுகள் மிகக் குறைவு. வேம்பும் கொன்றையும் எந்த நாளில் பூத்தன என்று இன்று எழுதத் தொடங்கினால்தான், எந்த ஊர் விதையை எங்கே நடுவது என்று ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பவருக்கு நம்மிடம் விடை இருக்கும்.